ஊட்டி குளிரில் டிக்கி கதவு நிற்காமல் இறங்குவது ஏன்? ஊருக்குத் திரும்பியதும் 'சரியாகிவிடும்' ஷாக்கரை நம்பலாமா?

டிசம்பர், ஜனவரி வந்தால் போதும், ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று காரைத் திருப்புபவர்கள் எண்ணிக்கை எகிறிவிடும். அப்படிப் போய் வந்தவர்களில் சிலர் ஒரே மாதிரி ஒரு புகாரோடு திரும்புவார்கள். காலையில் ரூமைக் காலி செய்து, பெட்டிகளை ஏற்ற டிக்கியைத் திறந்தால், கதவு மேலே போகிறது. கையை எடுத்ததும் மெதுவாக இறங்க ஆரம்பிக்கிறது. ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர்தான் லக்கேஜ் ஏற்ற வேண்டியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே கதவு பதினோரு மணி வெயிலில் ஒழுங்காக நிற்கும். சமவெளிக்கு இறங்கி வந்து மெக்கானிக்கிடம், "அண்ணா, மலையில டிக்கி நிக்கவே மாட்டேங்குது" என்று காட்டினால், அவர் திறந்து பார்ப்பார். கதவு கம்பீரமாக நிற்கும். "நல்லாத்தானே தம்பி இருக்கு" என்பார். விஷயம் அதோடு மறந்துபோகும்.

மறந்துபோகக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

சுருக்கமாக:

• டிக்கி கதவைத் தாங்குவது அதிக அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு. குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும்.
• 35 டிகிரியில் இருந்து 2 டிகிரிக்குப் போனால் தாங்கும் பலம் சுமார் 11% குறைகிறது.
• புதிய ஷாக்கர் அதைச் சமாளித்துவிடும். ஏற்கனவே வாயு கசிந்த பழையது சமாளிக்காது.
• அதாவது, குளிரில் கதவு இறங்குவது ஒரு முன்னறிவிப்பு. ஊருக்கு வந்ததும் நிற்கிறது என்பதால் அது சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது?

டிக்கியைத் திறந்தால் இரண்டு பக்கமும் கறுப்பு நிறக் குழாயும், அதிலிருந்து நீளும் பளபளப்பான கம்பியும் தெரியும். சில சிறிய ரகக் கார்களில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'டிக்கி ஷாக்கர்' என்பார்கள். சிலர் 'ஹைட்ராலிக்' என்பார்கள். தொழில்நுட்பப் பெயர் 'கேஸ் ஸ்ட்ரட்' அல்லது 'கேஸ் ஸ்பிரிங்'. நீங்கள் ஆபீஸில் உட்காரும் சுழல் நாற்காலி ஏறி இறங்குவதும், தூக்கினால் மேலே நிற்கும் 'ஹைட்ராலிக் கட்டில்' வேலை செய்வதும் இதே சமாச்சாரத்தால்தான். பெயரில் ஹைட்ராலிக் இருந்தாலும், தூக்கும் வேலையைச் செய்வது எண்ணெய் இல்லை, வாயு.

குழாய்க்குள் நைட்ரஜன் இருக்கும். கூடவே கொஞ்சம் எண்ணெய். கம்பியின் உள்முனையில் சிறிய துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். துளைகள் இருப்பதால் பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் கம்பி இடத்தை அடைத்துக்கொள்வதால், அந்தப் பக்கம் வாயு தள்ளக்கூடிய பரப்பு குறைவு. அந்த வித்தியாசத்தால் கம்பி எப்போதும் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளல்தான் கதவைத் தூக்குகிறது.

எவ்வளவு அழுத்தம்? கம்பியின் விட்டம் 8 மி.மீ., தள்ளும் விசை 400 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், உள்ளே சுமார் 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் நாம் அடிப்பது சுமார் 2.3 பார். கிட்டத்தட்ட 35 மடங்கு. விரல் தடிமன்கூட இல்லாத கம்பி, ஏறக்குறைய 41 கிலோ எடையைத் தாங்கும் பலத்தில் தள்ளுவது இதனால்தான்.

சாதாரணக் காற்றை அடைக்காமல் நைட்ரஜனை அடைப்பதற்கும் காரணம் உண்டு. காற்றில் ஈரப்பதமும் ஆக்சிஜனும் இருக்கும். உள்ளே துருப்பிடிக்கும், எண்ணெயும் ரப்பரும் கெடும். இத்தனை அழுத்தத்தில் எண்ணெயும் ஆக்சிஜனும் ஒன்றாக இருப்பது பாதுகாப்பும் இல்லை. உலர்ந்த நைட்ரஜன் எதனுடனும் வம்புக்குப் போகாது.

குளிர்ந்தால் என்ன நடக்கிறது?

பிளஸ் ஒன் வேதியியலில் வாயு விதிகள் படித்தது ஞாபகம் இருக்கலாம். அடைபட்ட வாயுவின் கொள்ளளவு மாறாமல் இருந்தால், வெப்பநிலை ஏறும்போது அழுத்தமும் ஏறும், இறங்கும்போது இறங்கும். கே-லுசாக் விதி. அப்போது மார்க்குக்காகப் படித்தது, இப்போது டிக்கியில் வந்து நிற்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கை செல்சியஸில் போடக் கூடாது, கெல்வினில் போட வேண்டும். அதாவது வெப்பநிலையை மைனஸ் 273 டிகிரியில் இருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சென்னையின் 35 டிகிரி என்பது 308 கெல்வின். ஊட்டியின் அதிகாலை 2 டிகிரி என்பது 275 கெல்வின். 308-ல் இருந்து 275-க்கு வந்தால் குறைவு சுமார் 11%. அழுத்தம் 11% குறைந்தால், ஸ்ட்ரட் தள்ளும் பலமும் அதே 11% குறையும்.

எளிதாக நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: ஒவ்வொரு 10 டிகிரி மாற்றத்துக்கும் சுமார் 3.4% பலம் மாறும். ஸ்ட்ரட்டின் உடம்பில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் அளவு பொதுவாக 20 டிகிரி வெப்பநிலையில் அளந்தது. வெயில் காலத்தில் அதைவிட அதிகமாகத் தள்ளும், குளிரில் குறைவாகத் தள்ளும்.

ராத்திரி முழுக்க கார் வெளியில் நின்றால், மெல்லிய இரும்புக் குழாயான ஸ்ட்ரட் வெளிக் குளிரை அப்படியே வாங்கிக்கொள்ளும். பல கார்களில் இது கதவின் ரப்பர் பட்டைக்கு வெளியே உள்ள பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் காருக்குள் ஹீட்டர் போட்டாலும் அதற்குப் பெரிதாகச் சூடு போய்ச் சேராது.

11 சதவீதம்தானே, அதுக்கு கதவு விழுந்துடுமா?

நியாயமான கேள்வி. பதில்: புதிய ஸ்ட்ரட்டாக இருந்தால் விழாது, பழசாக இருந்தால் விழலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. கதவை முழுசாகத் திறந்து நிறுத்தி வைக்கத் தேவையான பலம் 100 என்று வைத்துக்கொள்வோம். காரை வடிவமைப்பவர்கள் சரியாக 100 கொடுக்க மாட்டார்கள். கொஞ்சம் சேர்த்து, 20 டிகிரியில் 115 கிடைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம்.

புதிய ஸ்ட்ரட்:

• 35 டிகிரி (சென்னை மதியம்): 121
• 20 டிகிரி: 115
• 2 டிகிரி (ஊட்டி அதிகாலை): 108
• மைனஸ் 20 டிகிரி (லடாக்கின் திராஸில் கடும் குளிர்காலம்): 99

ஊட்டியில் 108. கதவு நிற்கும். திராஸ் போனால்தான் புதியதே தடுமாறும்.

இப்போது அதே ஸ்ட்ரட்டில் சில வருடங்களில் 10% வாயு கசிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்:

• 35 டிகிரி: 109
• 20 டிகிரி: 103 அல்லது 104
• 2 டிகிரி: 97
• மைனஸ் 20 டிகிரி: 89

சென்னையில் 109. கதவு ஜம்மென்று நிற்கும், எந்தச் சந்தேகமும் வராது. ஊட்டியில் 97. கதவு இறங்கும். மெக்கானிக் 'நல்லாத்தானே இருக்கு' என்றது பொய் இல்லை. அவர் பார்த்தது 109-ஐ. நீங்கள் பார்த்தது 97-ஐ.

இந்த எண்கள் புரிந்துகொள்வதற்காகப் போட்ட கணக்குதான். காருக்குக் கார் கதவின் எடையும் ஸ்ட்ரட் மாட்டியிருக்கும் கோணமும் மாறும். ஆனால் நடப்பது இதுதான். கசிவு நின்றுவிடப்போவதில்லை. இன்று 10% என்றால், பிறகு 15%, 20% என்று போகும். ஒருநாள் சென்னை வெயிலிலும் 100-க்குக் கீழே வரும். அந்த நாள் எது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. மலைக் குளிர் அதைச் சில மாதங்கள் முன்பே சொல்லிவிடுகிறது.

அப்போ ஸ்ட்ரட்டைக் கெடுப்பது யார்?

குளிர் இல்லை. நம்ம ஊரில் பெரும்பாலும் வெயிலும் காலமும்தான்.

கம்பி வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். 80 பார் அழுத்தத்தில் உள்ள வாயுவை வருடக்கணக்கில் உள்ளே பிடித்து வைப்பது அந்தச் சிறிய வளையம்தான். எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் நைட்ரஜன் மிக மிக மெதுவாக வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். சூடு ஏறினால் இந்தக் கசிவு வேகமாகும், ரப்பரும் சீக்கிரம் வயதாகும். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் மேல்பகுதித் தகடு தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது இல்லையா? அந்தச் சூடு ஸ்ட்ரட்டுக்கும்தான்.

அடுத்தது தூசு. கம்பியின் மேல் ஒட்டும் மணல் துகள்கள், கதவை மூடும்போது சீலோடு உரசும். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்றால் கம்பியில் நுண்ணிய துருப்புள்ளிகள் வந்தால், ஒவ்வொரு முறையும் அது சீலைக் கீறும். ஆக, கெடுப்பது சமவெளியின் வெயிலும் தூசும். காட்டிக்கொடுப்பது மலையின் குளிர்.

குளிருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடும் குளிரில் ரப்பர் விறைத்து, வளைந்துகொடுக்கும் தன்மை குறையும். ஏற்கனவே தேய்ந்த சீல் அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் எண்ணெயும் கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைவது மாதிரி உறைந்துவிடாது. ஆனால் பிசுபிசுப்பு கூடும். அதனால்தான் குளிர்ந்த காலையில் நல்ல ஸ்ட்ரட் உள்ள காரிலும் கதவு வழக்கத்தைவிட மெதுவாக மேலே போகிறது, முதல் தள்ளலுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மெதுவாக மேலே போய், போன பிறகு நிற்கிறது என்றால் அது எண்ணெயின் வேலை, கவலை இல்லை. மேலே போன பிறகு நிற்காமல் இறங்குகிறது என்றால் அது அழுத்தக் குறைவு. இரண்டாவதுதான் பிரச்சினை.

மலை உயரம்தான் காரணமா?

'மேலே காற்றழுத்தம் கம்மி, அதான் இப்படி' என்று சொல்பவர்களும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவது 0.2 பாரைச் சற்றுத் தாண்டும் அளவுதான். ஸ்ட்ரட்டுக்குள் இருப்பதோ 80 பார். அது கணக்கிலேயே வராது. இன்னொன்று, வெளிக்காற்று கம்பியை உள்ளே அழுத்தப் பார்க்கிறது. அந்த அழுத்தம் குறைந்தால் ஸ்ட்ரட்டுக்கு நூலளவு லாபம்தான், நஷ்டம் இல்லை. ஆக, காரணம் உயரம் இல்லை, குளிர் மட்டுமே.

பலம் அதிகமுள்ள ஸ்ட்ரட்டைப் போட்டுவிட்டால்?

'115-க்குப் பதில் 150 வச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வராதே' என்று தோன்றலாம். கார் கம்பெனிகள் அப்படிச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது.

குளிரில் பலம் குறைவது போல, வெயிலில் பலம் கூடும். 60 டிகிரி வரை சூடான ஸ்ட்ரட், 20 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 14% அதிகமாகத் தள்ளும். அடிப்படையிலேயே பலம் கூடுதலாக இருந்தால், வெயிலில் லாக் விட்டதும் கதவு சட்டென்று மேலே பாயும். முகத்தை அருகில் வைத்திருப்பவருக்கு அடி. மூடுவதற்கும் தொங்கிக்கொண்டு இழுக்க வேண்டும். உயரம் குறைவானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது பெரிய சிரமம். கீல்களிலும் தகட்டிலும் தேவையில்லாத அழுத்தம் விழும்.

அதனால் வெயிலுக்கும் குளிருக்கும் நடுவில் ஒரு சமரச அளவைத்தான் தேர்வு செய்கிறார்கள். குளிர் நாடுகளை மனதில் வைத்து, வெப்பநிலை இறங்கும்போது தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள ஸ்ட்ரட்டுகளும் தயாரிக்கப்படுகின்றன. டொராண்டோ மாதிரி ஊர்களில் குளிர்காலத்தில் பனிப்பொழிவும் சேர்ந்துகொள்ளும். கதவின் மேல் படிந்த பனியின் எடையையும் ஸ்ட்ரட்டே தூக்க வேண்டும். அங்கே இருக்கும் உறவினர்கள் டிக்கியைத் திறப்பதற்கு முன் பிரஷ்ஷால் பனியைத் தட்டிவிடுவது அழகுக்காக மட்டும் இல்லை.

நம்ம ஊரில் இதற்குச் சமமான எடை வேறு வழியில் வருகிறது. கடையில் வாங்கி மாட்டும் பின்பக்க ஸ்பாய்லர், கதவில் தொங்கவிடும் பைகள், கதவுக்குள் ஒட்டும் சத்தத் தடுப்பு ஷீட்டுகள். இவை எல்லாம் மேலே சொன்ன கணக்கில் 100 என்பதை 104, 105 ஆக்கிவிடும். கூடுதலாக இருந்த தெம்பு அங்கேயே கரைந்துவிடும்.

கதவு விழுந்தால் என்ன பெரிய ஆபத்து?

'மெதுவாத்தானே இறங்குது' என்ற நினைப்புதான் ஆபத்து. அது கடைசி வரை மெதுவாக இறங்குவதில்லை.

ஸ்ட்ரட் கதவின் கீலுக்கு அருகில் மாட்டப்பட்டிருக்கும். கதவு கீழே வர வர, ஸ்ட்ரட் தள்ளும் கோணம் மாறிக்கொண்டே வரும். தூக்கும் திறன் குறையும். பல கார்களில் கதவு மூடுவதற்குச் சற்று முன்பு, ஸ்ட்ரட்டே கதவைக் கீழ்நோக்கித் தள்ளும் பக்கத்துக்கு மாறிவிடும். கதவு இறுக்கமாக மூட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட வடிவமைப்பு அது. அதனால் ஆரம்பத்தில் நிதானமாக இறங்கும் கதவு, கடைசியில் 'டமார்' என்று அடிக்கும். குனிந்து பெட்டியை எடுப்பவரின் தலை, கழுத்து, லாக் அருகே வைத்த விரல்கள், டிக்கி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை - அந்த நேரத்தில் அங்கே எது இருக்கிறதோ அதற்கு அடி.

இன்னொரு சிக்கல், பலம் எல்லைக்கோட்டில் இருக்கும்போது கதவு நிற்பது போலவே தெரியும். உள்ளே இருக்கும் உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டி லேசாக இடித்தாலோ, காற்று பலமாக அடித்தாலோ அந்தப் பிடி விட்டுப்போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏழரை லட்சத்துக்கும் அதிகமான எஸ்யூவி ரகக் கார்களைத் திரும்ப அழைத்தது. பவர் டெயில்கேட் உள்ள அந்த வண்டிகளில், ஸ்ட்ரட்டுக்குள் தூசு புகுந்து தேய்மானம் ஏற்பட்டு, பின்கதவு திடீரென்று விழக்கூடும் என்பதுதான் காரணம். ஆட்களுக்குக் காயம் ஏற்பட்டதாகவும் புகார்கள் பதிவாகின. இவ்வளவு சின்ன பாகத்துக்காக அவ்வளவு பெரிய ரீகால்.

பட்டன் அழுத்தினால் திறக்கும் கதவுக்கு இந்தப் பிரச்சினை உண்டா?

மோட்டாரால் இயங்கும் பல புதிய கதவுகளில் வாயுவுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்கும் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்கின்றன. இரும்பு ஸ்பிரிங்கின் பலம் இந்த அளவு குளிருக்கெல்லாம் பெரிதாக மாறாது. ஆனால் சில மாடல்களில் ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் கேஸ் ஸ்ட்ரட் என்ற அமைப்பும் இருக்கிறது. அங்கே ஸ்ட்ரட் பலவீனமானால் மோட்டார் அதிகம் முக்க வேண்டியிருக்கும். பேட்டரியின் தெம்பும் குளிரில் குறையும் என்பதால், கதவு பாதியில் நின்றுவிடலாம். மேனுவலைப் பார்த்து உங்கள் காரில் எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மலைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே டெஸ்ட் செய்வது எப்படி?

மதிய வெயிலில் பார்த்துப் பயனில்லை. அதிகாலையில், கார் நிழலில் ராத்திரி முழுக்க நின்ற பிறகு பாருங்கள்.

• கதவை முழுசாகத் திறந்து சில நிமிடங்கள் விடுங்கள். ஓரத்தில் விரலால் லேசாகக் கீழே தட்டுங்கள். கொஞ்சம் அசைந்துவிட்டு மீண்டும் மேலே வர வேண்டும்.
• ஒரு பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து, திறந்த கதவின் வெளி ஓரத்தில், லாக் இருக்கும் இடத்துக்கு அருகே மாட்டுங்கள். சுமார் 25 கிலோ எடையுள்ள கதவில், 30 டிகிரியில் இருந்து 2 டிகிரிக்குப் போகும்போது ஏற்படும் பல இழப்புக்கு ஏறக்குறைய சமமான எடை அது. கதவு இறங்க ஆரம்பித்தால், ஊட்டியிலும் இறங்க வாய்ப்பு அதிகம். இது துல்லியமான சோதனை அல்ல, ஒரு வீட்டு வைத்தியம் மாதிரி. கதவுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.
• பளபளப்பான கம்பியை டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு, கீறல், துருப்புள்ளி எது இருந்தாலும் அந்த ஸ்ட்ரட்டுக்கு வயதாகிவிட்டது.
• கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தோ முறுக்கிக்கொண்டோ ஏறினால், ஒரு ஸ்ட்ரட் மற்றதைவிட பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம்.

செய்யவே கூடாதவை

• குளிரில் நிற்கவில்லை என்று ஸ்ட்ரட் மேல் கொதிக்கும் வெந்நீர் ஊற்ற வேண்டாம். உறைபனி படிந்த கண்ணாடி பக்கத்திலேயே இருக்கிறது. திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம்.
• கதவு நிற்க வேண்டும் என்று கம்பியில் பிளையர், கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டாம். கம்பியின் வழுவழுப்பான மேற்பரப்பில் விழும் ஒரு கீறல், அடுத்த முறை மூடும்போது சீலைக் கிழித்துவிடும்.
• கம்பிக்கு கிரீஸ் தடவ வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்து, அதைச் சீல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.
• பழைய ஸ்ட்ரட்டை அறுப்பது, துளை போடுவது, நெருப்பில் போடுவது - எதுவும் கூடாது. பலவீனமாகிவிட்டது என்றாலும் உள்ளே டயரைப் போல் பல மடங்கு அழுத்தம் மிச்சம் இருக்கும். கழற்றியதை வொர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சாதாரண கேஸ் ஸ்ட்ரட்டில் திரும்ப வாயு நிரப்ப வழி வைத்திருக்க மாட்டார்கள். பலம் போனால் மாற்றுவதுதான் வழி. நல்ல செய்தி, இது எஞ்சின் வேலை மாதிரி நாள் கணக்கில் இழுக்காது. இரண்டு முனையிலும் பந்து வடிவக் குமிழில் மாட்டி, ஒரு கிளிப் போட்டிருப்பார்கள். கிளிப்பை நெம்பினால் கழன்றுவிடும். ஆனால் ஸ்ட்ரட்டைக் கழற்றிய நொடியில் கதவின் முழு எடையும் கைக்கு வரும். தனியாகச் செய்ய வேண்டாம்.

• இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது ஒன்று, பழையது ஒன்று என்றால் கதவு முறுக்கிக்கொள்ளும், புதியதும் சீக்கிரம் தேயும்.
• பழைய ஸ்ட்ரட்டின் உடம்பில் பார்ட் நம்பரும் நியூட்டன் அளவும் அச்சிட்டிருக்கும். அதே அளவைக் கேளுங்கள். நீளம் மட்டும் ஒத்துப்போனால் போதாது.
• கதவு மூடியிருக்கும்போது கம்பி கீழ்ப்பக்கம், குழாய் மேல்பக்கம் இருக்கும்படி மாட்டுவதுதான் வழக்கமான முறை. அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் இறங்கி வந்து சீலை ஈரமாக வைத்திருக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து, வாயு சீக்கிரம் வெளியேறும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.
• ஸ்பாய்லர் போன்ற கூடுதல் எடை மாட்டியிருந்தால், அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மலையில் இருக்கும்போதே கதவு இறங்கினால்?

அவசரப்பட வேண்டாம். முடிந்தால் கார் மேல் வெயில் படும் வரை காத்திருங்கள்; ஸ்ட்ரட் 15, 20 டிகிரிக்கு வந்ததும் பெரும்பாலும் கொஞ்சம் தெம்பு திரும்பும். உடனே கிளம்ப வேண்டும் என்றால், ஒருவர் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் மட்டும் பொருட்களை ஏற்றட்டும். குச்சியோ குடையோ முட்டுக்கொடுத்துவிட்டுத் தலையை உள்ளே விடுவது வேண்டாம்; வழுக்கினால் தடுக்க எதுவும் இல்லை. குழந்தைகளை டிக்கி பக்கம் விடாதீர்கள். சின்னப் பைகளைப் பின் சீட் வழியாகவே ஏற்றிவிடலாம்.

திரும்பி வந்ததும் மெக்கானிக்கிடம் வெறுமனே 'டிக்கி நிக்கல' என்று சொல்லாதீர்கள். அவர் திறந்து பார்ப்பது 30 டிகிரி வெயிலில். "இங்க நிக்குதுண்ணே, ஆனா குளிர்ல இறங்குது. கேஸ் குறைஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க" என்று சொல்லுங்கள். வேலை அன்றைக்கே முடிந்துவிடும்.